காட்டாமணக்கில் காய்த்த வெள்ளி

எலக்ட்ரான் நுண்ணோக்கி அறைக்குப் புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் அனுதாபங்கள். வாழ்த்துகளைத் துறைத் தலைவர் சால்வையோடு சேர்த்துக் கொடுத்திருப்பார், மிச்சமிருப்பது இதுதான். வெளியே தஞ்சாவூர் வெயில் மண்டையைப் பிளக்கும்போது நீங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். "ஏசி ரூம்ல வேலையாம், குடுத்து வச்சவ" என்று உறவினர்கள் சொல்வார்கள். திருத்த முயலாதீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் என் நாத்தனார் நான் எக்ஸ்-ரே எடுத்தேன் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். முழங்கால் வலிக்கு ஒரு படம் எடுத்துத் தரவில்லை என்று இன்றும் அவருக்கு என்மேல் வருத்தம் உண்டு.

இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கம்பெனிக்காரர்கள் தலையணை உயரத்துக்குப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். தலையணையாகவும் அது நன்றாக உழைக்கும். அதில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். திரையில் அழகான படம் ஒன்று தெரிகிறது. முதுகுக்குப் பின்னால் நிற்கும் பெரிய மனிதர்கள் எல்லோரும் கை தட்டுகிறார்கள். அப்போது உங்கள் கை எந்தக் குமிழை நோக்கிப் போக வேண்டும்? என் பணிக்காலத்தில் இந்தக் கேள்வி ஒரே ஒரு முறைதான் முழு உருவத்தோடு என் முன்னால் வந்து நின்றது. அன்று ஒரு பெண்ணின் நாலு வருஷ உழைப்பு அந்தக் குமிழில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னும் இயந்திரத்தைத் தொடாதவர்களுக்காக நாலு வரி. நம் இயந்திரத்தில் ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றை. பார்க்க வேண்டிய பொருளைத் தண்ணீரில் கலக்கி, சின்ன ஸ்டிக்கர் பொட்டு அளவே உள்ள செப்பு வலையில் ஒரு சொட்டு விட்டு உலர்த்துகிறோம். வலையை உள்ளே செலுத்தினால் கற்றை அதை ஊடுருவிக்கொண்டு போய்க் கீழே நிழலாக விழும். தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கக்கூடிய நானோ துகள்களை இப்படித்தான் பார்க்கிறோம். கற்றையைப் பரப்பினால் மங்கலான வெளிச்சம்; குவித்தால் ஒரு சின்ன வட்டத்துக்குள் பளீரென்று விழும். இவ்வளவு தெரிந்தால் மீதிக் கதை புரிந்துவிடும்.

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இயந்திரம் வந்தபோது அதைப் பொருத்துவதற்கு ஒரு பொறியாளர் வந்தார். பேச்சு குறைவு. பேசினாலும் வாயில் வெற்றிலை இருப்பதால் பாதிதான் புரியும். முதல் நாளே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இது என்ன மேடம்?" என்று கேட்டார். நேர்முகத் தேர்வு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "பெரிய கேமரா சார்" என்றேன்.

"கேமரா இல்ல மேடம், அடுப்பு. உள்ள வேகறதப் பாக்க ஒரு ஜன்னல் வச்சிருக்காங்க. நீங்க பாக்கறப்பவே அது வெந்துகிட்டுதான் இருக்கும். அத மட்டும் மறந்துடாதீங்க."

பிறகு நான் எத்தனையோ பயிற்சி முகாம்களுக்குப் போனேன். பை கொடுத்தார்கள், பேனா கொடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். வெற்றிலைக்காரர் கொடுத்த அளவுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அது இலைகளின் பொற்காலம். உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். ஏதாவது ஓர் இலையைப் பறித்துக் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றுவார்கள். கரைசல் பழுப்பானதும் வெள்ளி நானோ துகள் பிறந்துவிட்டது என்று கட்டுரை எழுதுவார்கள். துளசி, வேம்பு, நொச்சி, கறிவேப்பிலை எல்லாம் ஒரு சுற்று முடிந்துபோய், ஆராய்ச்சியாளர்கள் புது இலை தேடிக் காலை நடை போய்க்கொண்டிருந்தார்கள். சில இலைகள் உண்மையாகவே வெள்ளி உப்பைத் துகளாக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழுப்பாவதெல்லாம் நானோ என்றால், நீடாமங்கலம் ஜங்ஷனில் டீ போடுகிறவர்தான் இந்த மாவட்டத்தின் தலைசிறந்த விஞ்ஞானி.

எங்கள் பேராசிரியர் ஒருவருக்கு அகப்பட்ட இலை, நெய்வேலிக் காட்டாமணக்கு. வாய்க்கால் கரையெல்லாம் மண்டித் தண்ணீரை மறிக்குமே, ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போகுமே, அதேதான். "வாய்க்காலும் சுத்தமாகும், நெல்லுக்கு நோய் மருந்தும் கிடைக்கும்" என்று அவர் மேடையில் சொல்லும்போது எனக்கே எழுந்து போய்க் காட்டாமணக்கு வெட்டலாமா என்று தோன்றும். பேச்சில் அவ்வளவு சக்தி. அவருடைய முந்தைய மாணவர் ஒருவர் அந்தச் சாற்றில் வெள்ளித் துகள் செய்து கட்டுரையும் போட்டுவிட்டார். அப்போது எங்களிடம் இந்த இயந்திரம் இல்லை. செப்பு வலையைக் கூரியரில் வெளியூருக்கு அனுப்பினால் மின்னஞ்சலில் இரண்டு படம் திரும்பி வரும். வந்த படத்தில் துகள்கள் ஜவ்வரிசி போல ஒரே அளவில் உருண்டையாக இருந்தன. ஜவ்வரிசிக்காரர் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு கொரியாவுக்குப் பறந்தார். பேராசிரியர் அந்தப் படத்தை வைத்துப் பெரிய திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பித்தார். அடுத்த சம்பாவில் விவசாயிகளின் வயலிலேயே நானோ வெள்ளியைத் தெளித்துக் காட்டப்போவதாக அதில் எழுதியிருந்தார்.

கொரியாவுக்குப் போனவரின் இடத்துக்கு வந்தவள்தான் கலையரசி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை என்று சம்பா பயிரிடுகிறவர். தினமும் ரயிலில் வந்து ரயிலில் போவாள். எந்நேரமும் மூடியே கிடக்கும் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று வளர்ந்தவர்களுக்குப் பொறுமையைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பொறுமை முழுவதும் அவளுக்குத் தேவைப்பட்டது.

அவளுடைய வேலை எளிது. சீனியர் செய்த துகளை மறுபடி செய்ய வேண்டும். பிறகு அதைப் பயிரில் சோதிக்க வேண்டும். அவளுக்குத் துகள் வரவேயில்லை. சாறு பழுப்பாகும். அதை வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில் வைப்பாள். துகள் இருந்தால் கனத்தினால் அடியில் தங்கும். மிஞ்சிய வெள்ளி உப்பு மேலே தண்ணீரோடு நிற்கும். மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி மறுபடி சுழற்றுவாள். அரிசி களைகிற மாதிரிதான். எல்லாப் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறது. அவளும் பாவம், அதை நம்பினாள். கழுவி முடித்து ஒரு சொட்டை வலையில் வைத்து என்னிடம் கொண்டுவருவாள். நான் இண்டு இடுக்கு விடாமல் தேடுவேன். புதிதாக வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கும்.

பேராசிரியர் உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கலையரசியின் கை.

"சீனியருக்கு வந்துச்சுல்ல? ஒனக்கு மட்டும் ஏன் வரல? கழுவிக் கழுவியே எல்லாத்தையும் சாக்கடையில விட்டுடற. ஒனக்குக் கை சரியில்லம்மா." இதை அவர் மாதம் ஒருமுறையாவது சொல்வார். பிறகு நாங்கள் எல்லோரும் இருக்கும்போது சொன்னார். கடைசியில் என் அறைக்கே வந்து சொன்னார். "பொங்கல் கழிஞ்சு திட்டத்துக்குப் பணம் குடுக்கற கமிட்டி வருது. அதுக்குள்ள படம் வேணும். இல்லன்னா சினாப்சிஸ்ல கையெழுத்துப் போட மாட்டேன். பேசாம ஊருக்குப் போயி நாத்து நடு."

நாற்று நடுவதை அவர் தண்டனைப் பட்டியலில் சேர்த்திருந்தார். மதியம் அவர் டிபன் பாக்ஸில் இருந்த சோறு காட்டாமணக்கில் காய்த்தது போலிருக்கிறது. கலையரசியின் உதவித்தொகைக் காலமும் முடிகிற நேரம். ஆய்வேட்டுச் சுருக்கத்தில் அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் ஆய்வேட்டையே கொடுக்க முடியாது, நாலு வருஷமும் வீண். வேறு வழிகாட்டி, வேறு தலைப்பு என்று முதலிலிருந்து தொடங்க அவளுக்கு நேரமும் இல்லை, வீட்டில் தெம்பும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் அங்கே இயந்திரம் இயக்குகிறவள். வயிறெரிச்சலுக்கு அங்கே பதவி எதுவும் ஒதுக்கப்படவில்லை.

அந்த வாரமே அவள் இரண்டு வலைகளோடு வந்தாள்.

"மேடம், சீனியர் அண்ணனுக்குப் போன் பண்ணேன். எப்புடிக் கழுவுனீங்கன்னு கேட்டா சிரிக்கறாரு. 'கழுவறதா? நாங்க அப்படியே ஒரு சொட்டு வச்சு அனுப்பிடுவோம்'ங்கறாரு. இது நான் கழுவுனது. இது அவரு சொன்ன மாதிரி, கழுவாதது. ரெண்டையும் பாத்துடலாமா மேடம்?"

கழுவியதில் வழக்கம்போல வெள்ளைச் சுவர். கழுவாததை உள்ளே செலுத்தினேன். கற்றையைப் பரப்பிப் பார்த்தபோது மங்கலான திட்டுகள்தான் தெரிந்தன. துகள் என்று சொல்ல ஒன்றுமில்லை. பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று கற்றையைக் குவித்தேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. பிறகு பத்து. பிறகு திரை முழுவதும் பொரி பொரிவது போலப் புள்ளிகள் கிளம்பி உருண்டையாகப் பருத்தன. அச்சு அசல் ஜவ்வரிசி.

"மேடம்! வந்துருச்சு மேடம்!" என்று கலையரசி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

எனக்கு வெற்றிலை வாசனை அடித்தது. 'நீங்க பாக்கறப்பவே வெந்துகிட்டுதான் இருக்கும்.' கற்றையைப் பரப்பிவிட்டு வலையைக் கொஞ்சம் நகர்த்தினேன். புது இடம். துகள் இல்லை. கற்றையைக் குவித்தேன். வந்தது. மறுபடி நகர்த்தினேன். இல்லை. குவித்தேன். வந்தது. தோளில் இருந்த பிடி தளர்ந்தது. நான் ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. கெட்டிக்காரப் பெண்ணுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

கழுவாததால் மிஞ்சிய வெள்ளி உப்பு வலையில் அப்படியே உலர்ந்திருந்தது. அதை நம் கற்றையே துகளாக்கிக்கொண்டிருந்தது. காட்டாமணக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டி காலி, அகப்பையே சமைத்துக்கொண்டிருந்தது.

கலையரசி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அப்ப நான் கழுவுனது தப்பில்லையா மேடம்?" என்று கேட்டாள்.

"தப்பில்லம்மா. நீ ஒருத்திதான் சரியா செஞ்சிருக்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெற்றிட அளவுமானியைப் பார்க்க ஆரம்பித்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். நானும் என் பங்குக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். நாலு வருஷமாக ஒரு பெண்ணைச் சுத்தமாக இருந்ததற்காகத் திட்டியிருக்கிறோம். இதைவிடப் பெரிய அநியாயத்தை அந்த அறையில் நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் திரையைக் காட்டி, "மேடம், இந்தப் படத்தையே குடுத்துட்டா என்ன ஆவும்?" என்றாள்.

உங்களிடமும் ஒரு நாள் யாராவது இதைக் கேட்பார்கள். அப்போது உபதேசம் செய்யாதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள். நான் சொன்னேன். "ஒண்ணும் ஆவாது. சார் சந்தோஷமா கையெழுத்துப் போடுவாரு. கமிட்டி பாராட்டும். ஒனக்கு டிகிரி வந்துடும். என்கிட்ட யாராவது கேட்டா நடந்ததச் சொல்லுவேன். ஆனா யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் சாயங்கால ரயிலுக்குப் போனாள். ராத்திரி முழுக்க எனக்கு இரண்டு மனம். கொடுத்துவிடட்டுமே என்று ஒரு மனம். கொடுத்துவிடுவாளோ என்று ஒரு மனம். மறுநாள் காலையில் பையைக்கூட இறக்கி வைக்காமல் வந்து நின்றாள்.

"சார் ட்ரயலுக்குக் கேட்டிருக்கறது எங்கப்பா வயலு மேடம். நாந்தான் பேசி வாங்கிக் குடுத்தேன். ஸ்ப்ரேயர்ல ஊத்தப்போறது துகளே இல்ல, வெறும் வெள்ளி உப்புத் தண்ணி. எங்கப்பா என்னை நம்பித்தான் கதிர் வர்ற நேரத்துல அடிக்க விடறேன்னாரு. அவருகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? நான் குடுக்க மாட்டேன் மேடம். டிகிரி போனாப் போவுது."

போனால் போகிறது என்று சொல்லும்போது அவள் குரல் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

முதலில் அவளே பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். சொன்ன வேகத்தில் வெளியே வந்தாள். பிறகு நான் போனேன். முறையாகத்தான் போனேன், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. "கழுவாம வச்ச உப்பு எலக்ட்ரான் பீம் பட்டுத் துகளாகுது சார். பத்து நிமிஷம் வாங்க, காட்டறேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். பெரிய மனது பண்ணிப் புன்னகை செய்தார். "மேடம், நீங்க மெஷின நல்லா ஆபரேட் பண்றீங்க. யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா படத்துக்கு அர்த்தம் சொல்றது, இன்டர்ப்ரிடேஷன், எங்க வேலை. நீங்க மெஷினப் பாத்துக்குங்க, போதும்."

சில வாக்கியங்களை அப்படியே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். எப்போது உதவும் என்று தெரியாது. இதை நான் வைத்துக்கொண்டேன்.

கமிட்டி வந்தது. காலையில் வரவேற்பு, சால்வை, தலையாட்டி பொம்மை நினைவுப் பரிசு. மதியம் வாழையிலையில் விருந்து. சாப்பாடு முடிந்ததும் நேராக என் அறைக்குக் கூட்டிவந்தார்கள். விருந்து சாப்பிட்டவர்களை இருட்டான குளிர் அறையில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தலைவராக வந்திருந்த வயதானவர் உட்கார்ந்த சில நிமிஷத்தில் கண்ணை மூடிவிட்டார். பேராசிரியர் சோர்ந்துபோகவில்லை. காட்டாமணக்குச் சாற்றைத் தானே கலந்து, கொரியாவுக்குப் போனவரின் முறைப்படி கழுவாமல் வலையில் வைத்து, கையோடு கொண்டுவந்திருந்தார்.

"எங்க ஸ்காலருக்கு இது கைகூடல சார். அனுபவம் பத்தாது. அதான் சாம்பிள நானே பிரிப்பேர் பண்ணேன். இப்ப லைவ்வா பாக்கலாம்."

அந்த ஸ்காலர் கதவோரம் நின்றிருந்தாள். அவள் இருப்பது அவருக்குத் தெரியும்.

வலையை உள்ளே செலுத்தினேன். திரையில் மங்கல் திட்டு. "குவிங்க மேடம், பெருசாக்குங்க" என்றார். பெரியவர்கள் சொன்னால் செய்ய வேண்டும், செய்தேன். புள்ளிகள் வந்தன, பருத்தன, திரையை நிறைத்தன. குழுவில் இரண்டு பேர் கை தட்டினார்கள். கைதட்டலில் தலைவருக்கு விழிப்பு வந்து அவரும் சேர்ந்து தட்டினார். பேராசிரியர், "அவ்வளவுதான் சார். பாருங்க, எல்லாம் ஒரே சைஸ், எவ்வளவு யூனிஃபார்ம்! மேடம், இதையே சேவ் பண்ணிட்டு லைட்டப் போடுங்க" என்றார்.

நான் சொன்ன கேள்வி அப்போதுதான் வந்து நின்றது. லைட்டைப் போட்டால் கதை முடிந்தது. அவர் செய்தால் வருகிறது, அவள் செய்தால் வரவில்லை. கை சரியில்லை என்பது கமிட்டியின் கண் முன்னாலேயே நிரூபணமாகிவிடும். கலையரசி அதற்குப் பிறகு எங்கே போய் என்ன சொன்னாலும் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். நான் எழுந்து நின்று சத்தம் போடலாம். ஆபரேட்டருக்கு ஏதோ மனக்குறை என்று சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். கதவுப் பக்கம் பார்த்தேன். அறையில் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்டர்ப்ரிடேஷன் அவர்கள் வேலை. சரி. உருப்பெருக்கம் என் வேலை. மெஷினைப் பார்த்துக்கொள்ளத்தானே சொன்னார்? பார்த்துக்கொண்டேன். கற்றையைப் பரப்பிவிட்டு, குமிழைப் பிடித்துப் படத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனேன்.

திரையில் ஒரு வட்டம் தெரிந்தது. டம்ளரைக் கவிழ்த்து வைத்து வரைந்த மாதிரி கச்சிதமான வட்டம். வட்டத்துக்குள் துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வட்டத்துக்கு வெளியே கண்ணுக்கு எட்டியவரை ஒன்றுகூட இல்லை.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது என்ன, வட்டமா?"

"அது... அக்ரிகேஷன் சார்" என்றார் பேராசிரியர். துகள்கள் தாமாகவே ஒன்றுகூடிவிட்டனவாம்.

"வட்டமாவா?"

"நேச்சுரல் எக்ஸ்ட்ராக்ட் இல்லையா சார், சில சமயம் அப்படி..."

"மேடம், பக்கத்துல ஒரு எடத்துக்குப் போங்க. அங்க பீமக் குவிங்க" என்றார் தலைவர் என்னிடம்.

போனேன். குவித்தேன். மறுபடி பரப்பிப் படத்தைச் சிறிதாக்கினேன். இப்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டம், மூக்குக் கண்ணாடி மாதிரி. குழு முழுவதும் அந்தக் கண்ணாடி வழியாகப் பேராசிரியரைப் பார்த்தது.

"இத இதுக்கு முன்னாடி யாராவது கவனிச்சீங்களா?" என்று தலைவர் கேட்டார். கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"கவனிச்சோம் சார். இலைச் சாறுல துகளே உருவாகல சார். கழுவாம வச்சா உப்பு தங்கிடுது, பீம் படற எடத்துல மட்டும் துகள் வருது. நான் நாலு வருஷமா கழுவித்தான் சார் பாத்திருக்கேன். ஒரு தடவகூட வரல."

பேராசிரியர் வெடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். மனிதரை நான் எவ்வளவு குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன்! கைக்குட்டையால் நெற்றியை ஒரு முறை ஒற்றினார். திரும்பும்போது முகத்தில் அதே புன்னகை.

"அதத்தான் சார் லைவ்வா காட்டணும்னு பிளான் பண்ணியிருந்தோம். பீம் எப்படி நம்மள ஏமாத்துதுன்னு! மொதல்ல நீங்க நம்பணும், அப்பறம் உண்மையக் காட்டணும், அதான் டெமோ. இந்தப் பொண்ணோட தீசிஸே அதான் சார். என் கைடன்ஸ்ல ரொம்ப நல்லா பண்ணியிருக்கு."

விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எங்கள் பேராசிரியருக்கு மீசையே கிடையாது. மண்ணுக்கு வாய்ப்பே இல்லை. கலையரசி வாயைத் திறந்தாள். நான் இருட்டில் கையைக் காட்டினேன், பேசாதே என்று. தனக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

தலைவருக்குப் புரிந்தது. அவரும் ஒரு காலத்தில் துறை நடத்தியவர்தான். பேராசிரியரை நிதானமாகப் பார்த்தார். "ரொம்ப நல்ல தலைப்பு. அப்ப தீசிஸ் எப்ப சப்மிட் பண்றாங்க?"

"சீக்கிரமே சார்."

"சினாப்சிஸ் ரெடியா?"

"...ரெடி சார்."

"நீங்க கையெழுத்துப் போட்டதும் எனக்கு ஒரு காப்பி அனுப்பிடுங்க. இந்த மாசத்துக்குள்ள. நான் எதிர்பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே போகும்போது என் பக்கம் திரும்பி, "மெஷின நல்லா பாத்துக்கறீங்க மேடம்" என்றார். ஒரே வாக்கியம்தான். யார் சொல்கிறார்கள் என்பதில் எவ்வளவு வித்தியாசம்.

திட்டம் கிடைக்கவில்லை. கையெழுத்து கிடைத்தது. பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில் போட்டிருந்தார். ஆனால் கிழிந்த கையெழுத்தும் கையெழுத்துதான். ஜவ்வரிசிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்களா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். பேராசிரியர் இப்போது கல்லூரி கல்லூரியாகப் போய், நுண்ணோக்கியில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பேசுகிறார். அந்த இரண்டு வட்டங்களின் படத்தைப் போட்டு, "எனக்கு ஆரம்பத்துலேயே சந்தேகம்" என்று தொடங்குவார். ஒரு முறை முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். உண்மையில் நன்றாகவே பேசினார். கை தட்டினேன். பொய்க்குக் கூட்டம் சேர்த்தவர் இப்போது உண்மைக்குச் சேர்க்கிறார்; எனக்கு என்ன நஷ்டம்?

ஆகவே புதிதாக வந்திருப்பவர்களே, அழகான படம் வரும்போது சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. சந்தோஷம் முடிந்ததும் படத்தைச் சிறிதாக்குங்கள். பக்கத்து இடத்துக்குப் போங்கள். கை தட்டுகிறவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். 'நீங்க மெஷினப் பாத்துக்குங்க' என்று உங்களிடமும் சொல்வார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதிகாரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கலையரசியின் ஆய்வேட்டில் முதல் படம் என்ன தெரியுமா? இரண்டு வட்டங்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அதை இரண்டாவதாக வைத்திருந்தாள். முதலில் வைத்தது அவள் கழுவிய வலை. வெள்ளைச் சுவர். வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று அந்தப் படத்தைச் சட்டம் போட்டு என்னிடம் கொடுத்தாள். அவளுடைய அப்பாவும் கூட வந்திருந்தார். அடுத்த சம்பா அவர் வயலில் எந்த நானோவும் இல்லாமல் விளைந்து, அறுத்து, கொள்முதல் நிலையத்துக்கும் போனது.

படம் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நாத்தனார் வரும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று, "என்ன இது, ஒண்ணுமே விழல? எக்ஸ்-ரே சரியா எடுக்கலையா?" என்பார்.

"சரியாத்தான் அண்ணி எடுத்திருக்கு. ஒண்ணும் இல்ல, அதான் விழல" என்பேன்.

ஆயிரக்கணக்கில் படம் எடுத்திருக்கிறேன். பெருமையாக இருப்பது அந்த ஒன்றைப் பார்க்கும்போதுதான். ஒன்றும் இல்லாததை ஒன்றும் இல்லை என்று சொல்ல ஒரு பெண் நாலு வருஷம் திட்டு வாங்கியிருக்கிறாள். கடைசிவரை கழுவுவதை மட்டும் நிறுத்தவில்லை.